நிலாவில் எக்ஸ் எப்போது தெரியும்? மொட்டை மாடியில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் மாதத்துக்கு நாலைந்து மாலை டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போய் வைப்பேன். நாலரை அங்குலக் கண்ணாடி, சாதாரணக் கருவி. பார்க்க வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. நிலாவில் வெளிச்சமும் நிழலும் சேர்ந்து காட்டுகிற உருவங்களைப் பற்றித்தான் பாதிக்கு மேல். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே விட்டிருக்கிறேன்.

நிலாவுல தெரியுற கறுப்பெல்லாம் நிழல்தானே சார்?

இல்லை. நாம் பாட்டி வடை சுடுவதாகவும் முயலாகவும் பார்க்கிற கறுப்புத் திட்டுகள் நிழல் அல்ல, பாறையின் நிறம். பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு உள்ளிருந்து பொங்கி, பள்ளங்களில் தேங்கி உறைந்த எரிமலைக் குழம்பு அது. அந்தக் காலத்து வானியலாளர்கள் தண்ணீர் என்று நினைத்துக் கடல் என்று பெயர் வைத்தார்கள், பெயர் நின்றுவிட்டது.

நிழலா நிறமா என்று பிரித்துப் பார்க்கச் சுலபமான வழி உண்டு. பௌர்ணமி அன்றும் அது அங்கேயே இருந்தால் நிறம். காணாமல் போனால் நிழல்.

பிறை வர்றதே பூமி நிழல் படுறதாலதானே?

பள்ளிக்கூடம் முடித்த பெரியவர்களே கேட்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பூமியின் நிழல் நிலாமேல் விழுவது சந்திர கிரகணத்தில் மட்டும். பிறையில் இருட்டாக இருக்கும் பகுதி, நிலாவின் இரவுப் பகுதி. அவ்வளவுதான். பூமியில் இந்தப் பக்கம் பகல், அந்தப் பக்கம் இரவு என்று இருப்பதுபோல அங்கேயும்.

அப்போ பௌர்ணமி அன்னைக்குத்தானே நல்லாத் தெரியும்? அன்னைக்கே வைங்களேன்.

அன்றைக்குத்தான் வைக்க மாட்டேன். பௌர்ணமியில் சூரியன் கிட்டத்தட்ட நம் முதுகுக்குப் பின்னால் நின்று நிலாவை நேராகப் பார்க்கிறது. நாம் பார்க்கும் திசையிலேயே வெளிச்சமும் போவதால் எந்த மலையின் நிழலும் நம் கண்ணில் படாது. உச்சி வெயிலில் எடுத்த போட்டோ மாதிரி எல்லாம் தட்டையாகிவிடும். தைக்கோ பள்ளத்திலிருந்து நாலாபுறமும் ஓடும் வெள்ளைக் கதிர்களைப் பார்க்க மட்டும் பௌர்ணமி நல்ல நாள்.

மற்ற நாள்களில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற ஒரு கோடு நிலாமேல் ஓடும். ஆங்கிலத்தில் டெர்மினேட்டர் என்பார்கள். நான் விடியல் கோடு என்று சொல்கிறேன், வளர்பிறையில் அந்தக் கோட்டில் நிற்பவருக்கு அப்போதுதான் சூரியன் உதிக்கும். சாயங்கால வெயிலில் நம் நிழல் தெருவின் அந்தக் கோடி வரை நீளுமே, அதேபோல் அந்தக் கோட்டோரம் சின்ன மேடுகூட நீண்ட நிழல் வீசும். பார்க்க வேண்டியதெல்லாம் அந்தக் கோட்டை ஒட்டித்தான் இருக்கிறது. மற்ற இடத்தில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

அந்தக் கோடு நகருதுன்னு சொல்றீங்க. நான் பாக்கறப்ப நகரலையே?

நகர்கிறது. நிலாவின் நடுக்கோட்டில் மணிக்குச் சுமார் 15 கி.மீ. சைக்கிள் மிதிக்கிற வேகம்தான். டிகிரிக் கணக்கில் மணிக்கு அரை டிகிரி, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு டிகிரியும் கொஞ்சமும். இந்தப் பன்னிரண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் காலண்டருக்கு வேண்டும்.

பிளேட்டோ என்று 101 கி.மீ. அகலமுள்ள ஒரு பள்ளம். அதன் தரை மொழுகிவிட்டதுபோல் சமமாக இருக்கும். அங்கே விடியும்போது கிழக்கு விளிம்பின் முனைகள் தரைமேல் ஈட்டிபோல் நிழல் போடும். சூரியன் அடிவானத்துக்கு மேல் 2 டிகிரி ஏறியிருந்தால் 2 கி.மீ. உயரமான முனையின் நிழல் 57 கி.மீ. நீளும். 3 டிகிரி ஏறியதும் 38 கி.மீ. ஆகிவிடும். பிளேட்டோ வடக்கே தள்ளி இருப்பதால் சூரியன் சாய்வாகத்தான் ஏறும், அந்த ஒரு டிகிரிக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். ஆக, மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் நிழல் சுருங்குகிறது. ஒரு தடவை பார்த்துவிட்டுக் கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், வித்தியாசம் தெரியும்.

நிலாவுல ஆங்கில எழுத்து எக்ஸ் தெரியுதுன்னு வாட்ஸ்அப்ல வந்துது. புருடாவா?

வாட்ஸ்அப்பில் வந்ததில் உண்மையான சில விஷயங்களில் ஒன்று. அரை நிலாவின் விடியல் கோட்டுக்குச் சற்று வெளியே, இருட்டுக்குள் தனியாக, பளிச்சென்று ஒரு எக்ஸ் நிற்கும். பிளாங்கினஸ், லா காய், பர்பாக் என்ற மூன்று பள்ளங்களின் விளிம்புகள் அங்கே ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. உயரமான அந்த விளிம்புகளில் முதலில் வெயில் படுகிறது, சுற்றியுள்ள தரை இன்னும் இரவில் கிடக்கிறது. மேற்கு மலையின் முகடு வெளுத்து அடிவாரக் கிராமம் இருட்டாகவே இருக்கும் விடியற்காலையைத் தேனிப் பக்கம் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம்.

தொடக்கத்திலிருந்து பார்ப்பதுதான் சுகம். முதலில் ஒன்றுமே இருக்காது. அப்புறம் கறுப்புக்குள் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி. தூசியோ என்று கண்வில்லையைத் துடைக்கத் தோன்றும். புள்ளி நீண்டு சிறு கீற்றாகும், அதிலிருந்து ஒரு கை, கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. நான்கு கைகளும் நீண்டு எக்ஸ் முழுசாகும்போது ஓரங்கள் சாணை பிடித்ததுபோல் கூர்மையாக இருக்கும். பிறகு வெயில் கீழே இறங்கி, சுற்றுத் தரையும் வெளுத்து, எக்ஸ் கூட்டத்தில் கரைந்துவிடும். எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம்.

தேட வேண்டிய இடம்: நிலாவின் மையத்திலிருந்து தென் விளிம்பு வரையுள்ள தூரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போனால், கோட்டை ஒட்டியே. அதே நேரத்தில் மையத்துக்குக் கொஞ்சம் வடக்கே, உகெர்ட் பள்ளத்தின் அருகில், வி என்ற எழுத்தும் தெரியும். எக்ஸைப் பார்த்த மகிழ்ச்சியில் எல்லோரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

எந்த நாள்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? காலண்டர்ல போடுவாங்களா?

எக்ஸ் என்று போட மாட்டார்கள். ஆனால் நம் வீட்டுத் தினசரிக் காலண்டரில் திதி இருக்கிறதே, அதுவே போதும். சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையிலுள்ள கோணம் 12 டிகிரி கூடினால் ஒரு திதி. விடியல் கோடும் நாளொன்றுக்கு ஏறத்தாழ அவ்வளவுதான் நகர்கிறது என்று மேலே பார்த்தோம். அதாவது திதி என்பது விடியல் கோடு எங்கே நிற்கிறது என்பதற்கான எண். சரியான அரை நிலா 90 டிகிரியில் வரும், வளர்பிறை அஷ்டமி 84 முதல் 96 வரை. ஆக அஷ்டமியின் நட்டநடுவில் அரை நிலா. எக்ஸ் சராசரியாக அதற்கு நாலு மணி நேரம் முன்னால்.

அஷ்டமியும் நவமியும் நல்ல காரியத்துக்கு ஆகாது என்பார்கள். நிலா பார்க்கிறவனுக்கு மாதத்தில் அவற்றைவிட நல்ல நாள் கிடையாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நானே மாட்டிக்கொண்டேன். முதல் தடவை காலண்டரில் அஷ்டமி என்று பார்த்துவிட்டு மாடியில் இருபது பேரைக் கூட்டினேன். சுண்டல்கூட உண்டு. ஏழு மணிக்குப் பார்த்தால் எக்ஸ் இருக்க வேண்டிய இடம் நன்றாக விடிந்து, வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நிலா தன்னைத்தானே சுற்றும் வேகம் மாறாது, ஆனால் நீள்வட்டப் பாதையில் பூமியைச் சுற்றும் வேகம் கூடும், குறையும். அதனால் அரை நிலா நேரத்துக்கும் எக்ஸ் நேரத்துக்கும் உள்ள இடைவெளி, அந்த நாலு மணிக் கணக்கிலிருந்து 15 மணி நேரம் வரைகூட இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகலாம். போதாததற்கு வாக்கியப் பஞ்சாங்கமாக இருந்தால் திதியே சில மணி நேரம் தள்ளியிருக்கும். திருக்கணிதம் பாருங்கள்.

எனவே எந்த நாள் என்பதற்குக் காலண்டர், எந்த மணி என்பதற்குக் கணினி. வர்ச்சுவல் மூன் அட்லஸ் என்ற இலவச மென்பொருளில் கோலாஞ்சிட்யூட் என்று ஒரு எண் காட்டும், விடியல் கோடு எங்கே நிற்கிறது என்பதற்கான டிகிரிக் கணக்கு. அது 358 ஆகும் நேரம்தான் எக்ஸ் நேரம். எண் பிடிக்காதவர்களுக்கு, நாசா ஒவ்வோர் ஆண்டுக்கும் மணிவாரியாக நிலாப் படம் போட்டு வைக்கிறது, அதைப் பார்த்தாலும் விடியல் கோடு எங்கே என்று தெரிந்துவிடும்.

போன தடவை பார்த்தோம். இந்த மாசம் அஷ்டமிக்கு வந்தா ஏன் இல்லைங்கிறீங்க?

எக்ஸ் இந்த மாதமும் வந்தது, நமக்குப் பகலாக இருந்தபோது வந்துவிட்டுப் போனது. ஒரு விடியலுக்கும் அதே இடத்தில் அடுத்த விடியலுக்கும் சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம். அந்த 12 மணிதான் வில்லன். இந்த மாதம் இரவு எட்டு மணிக்கு என்றால் அடுத்த மாதம் காலை எட்டு, ஒன்பது. அதற்கடுத்த மாதம் திரும்பவும் இரவுக்கு வரும். இடையில் ஒன்றிரண்டு மணி நேரம் முன்னே பின்னே ஆகலாம். அதனால் ஒரே ஊரிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு மாதம் விட்டு ஒரு மாதம்தான் வாய்ப்பு. அதிலும் ஐப்பசி, கார்த்திகை மேகத்துக்குப் போய்விடும். தை முதல் சித்திரை வரை நம்பிக்கையோடு ஏறலாம்.

எக்ஸ், வி தவிர வேற என்னென்ன இருக்கு அண்ணா?

நிறைய. எனக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிறேன். மேலே சொன்னதுபோல் எல்லாத் திதியும் ஒரு நாள் முன்பின் ஆகும்.

வளர்பிறை சஷ்டியில் தியோஃபிலஸ். நூறு கி.மீ. அகலக் கிணறு, உள்ளே முழுக்க மை. அந்த மைக்கு நடுவில் மைய மலையின் உச்சி மட்டும் அகல் விளக்குப்போல் எரியும். பக்கத்தில் சிரிலஸ், கேத்தரினா என்று இரண்டு தேய்ந்த பள்ளங்கள். புதியது எது, பழையது எது என்று விளிம்பு நிழலின் கூர்மையை வைத்தே ஒரு குழந்தை சொல்லிவிடும்.

நவமியில் நேர் சுவர். சுமார் 110 கி.மீ. நீளத்துக்கு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு. பெயர்தான் சுவர், உண்மையில் ஒரு பக்கம் தரை இறங்கியதால் வந்த சரிவு. உயரம் 300 மீட்டருக்குள்தான். என் கருவிக்கு 300 மீட்டர் தெரியவே கூடாது. ஆனால் சூரியன் 2 டிகிரியில் இருக்கும்போது 300 மீட்டர் மேடு எட்டு கிலோமீட்டருக்கு மேல் நிழல் போடும், அது தாராளமாகத் தெரியும். நாம் பார்ப்பது சுவரை அல்ல, சுவரின் நிழலை.

நவமி முடிந்து தசமி தொடங்கும் வாக்கில் ஹெசியோடஸ். இதுதான் என் செல்லம். பக்கத்திலுள்ள பிட்டாடஸ் பள்ளத்துக்கும் இதற்கும் பொதுவான மதிலில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஹெசியோடஸுக்குள் இன்னும் விடியாதபோது அந்த இடைவெளி வழியாக வெயில் உள்ளே நுழைந்து, இருண்ட தரைமேல் ஒரே ஒரு கீற்றாக நீளும். ஓட்டு வீட்டில் ஓடு விலகிய இடத்தில் வெயில் விழுமே, அப்படி. எக்ஸைவிட மெல்லியது, பொறுமை வேண்டும். பார்த்தவர்களில் பாதிப் பேர் "எங்கே?" என்பார்கள். மீதிப் பேர் டெலஸ்கோப்பை விட மாட்டார்கள்.

தசமி, ஏகாதசியில் தங்கக் கைப்பிடி. வானவில் விரிகுடா என்ற 250 கி.மீ. அகலச் சமவெளியை ஜூரா மலைத்தொடர் அரைவட்டமாகச் சுற்றி நிற்கிறது. தரை இருட்டில், மலை வெயிலில். நிலாவின் ஓரத்தில் இருட்டுக்குள் ஒரு வளையல் துண்டு நீட்டிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். அந்த விரிகுடாவின் ஒரு முனைக்கு ஹெராக்ளிடெஸ் முனை என்று பெயர். வானியலாளர் காசினி 1679இல் வெளியிட்ட நிலாப் படத்தில் அந்த முனையில் கூந்தல் விரித்த ஒரு பெண்ணின் முகம் வரைந்திருக்கிறது. குறைந்த உருப்பெருக்கத்தில், மங்கலாகப் பார்த்தால் அந்தப் பெண் தெரிகிறாள். கூர்மையாகப் பார்த்தால் கல்லாகிவிடுகிறாள்.

தேய்பிறையில ஒண்ணும் இல்லையா?

இருக்கிறது, தூக்கம்தான் போகும். தேய்பிறையில் அதே கோடு அந்தி கோடாகிவிடும், வெயில் எதிர்த்திசையிலிருந்து வரும். பௌர்ணமி கழித்துத் திரிதியை வாக்கில் மாரே கிரிசியம் கடலின் கரை மலைகள் நிழலை உள்ளே வீசும், இரவு ஒன்பது ஒன்பதரைக்கே பார்க்கலாம். நேர் சுவரைத் தேய்பிறை அஷ்டமியில் நள்ளிரவுக்கு மேல் பாருங்கள்: கறுப்புக் கோடு இப்போது வெள்ளிக் கம்பி. சரிவு மேற்கு பார்த்தது, மறையும் வெயில் நேராக அதன்மேல் விழுகிறது.

பைனாகுலர் இருக்கு, போதுமா?

தங்கக் கைப்பிடிக்குப் போதும். எக்ஸுக்கு, முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டால் ஒரு பொறி தெரியும், அதை எக்ஸ் என்று நீங்கள்தான் நம்ப வேண்டும். மற்றதற்கு 70 மி.மீ. டெலஸ்கோப்பாவது வேண்டும், 60 முதல் 100 மடங்கு பெருக்கம் தாராளம். கூடுதலாகப் பெருக்கினால் நிலா தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் ஆடும். பகலெல்லாம் காய்ந்த மொட்டை மாடித் தளம் இரவு ஒன்பது வரை சூட்டைக் கக்கும். ஏசி வெளி அலகுப் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள். மண் தரை கிடைத்தால் மாடியைவிட மேல்.

குழியெல்லாம் எனக்கு மேடாத் தெரியுது. கண்ணுல கோளாறா?

கண்ணில் ஒன்றுமில்லை, மூளையின் பழக்கம். வெளிச்சம் மேலிருந்து வரும் என்றே மூளை எப்போதும் எடுத்துக்கொள்கிறது. டெலஸ்கோப் படத்தைத் தலைகீழாக்கி வெயிலைக் கீழிருந்து வர வைத்தால் பள்ளம் கொப்புளமாகிவிடும். சூரியன் எந்தப் பக்கம் என்று மனதில் சொல்லிக்கொண்டு பாருங்கள், அல்லது தலையைச் சாய்த்துப் பாருங்கள். சட்டென்று புரண்டு குழியாகும். ஒரு தடவை புரண்டால் அந்த இரவு முழுக்கச் சரியாகிவிடும்.

படத்துல வெளிச்சம் வலது பக்கம், இங்க இடது பக்கம். எது சரி?

இரண்டும். அயல்நாட்டுப் படங்கள் தெற்கு நோக்கி நிலாவைப் பார்ப்பவருக்காகப் போட்டவை. நம் ஊரில் நிலா கிட்டத்தட்டத் தலைக்கு மேல் போகும். பங்குனி, சித்திரை அஷ்டமியில் உச்சிக்கு வடக்கே நிற்கும், நாம் வடக்கு பார்த்து நிமிர்ந்தால் மேற்கு இடது கையில் இருக்கும், வெளிச்சமும் அங்கேதான். புரட்டாசியில் தெற்கே தாழ்ந்து நிற்கும், அப்போது படத்தோடு ஒத்துவரும். இதன்மேல் டெலஸ்கோப் ஒரு முறை தலைகீழாக்கும், பார்வையைப் பக்கவாட்டில் திருப்பும் டயகனல் கண்ணாடி போட்டிருந்தால் இடவலமும் மாறும்.

நிலா வரைபடத்தில் கிழக்கு என்று போட்டிருப்பது நம் வானத்தின் மேற்குப் பக்கம். அங்கே நிற்பவருக்குச் சூரியன் உதிக்கும் பக்கமே கிழக்கு என்று 1961இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் முடிவு செய்தது. அதற்கு முந்தைய புத்தகங்களில் எல்லாம் நேர்மாறாக இருக்கும். நான் இடம் சொல்லும்போது கிழக்கு, மேற்கு என்பதை விட்டுவிட்டு "வெளிச்சப் பக்கம், இருட்டுப் பக்கம்" என்றுதான் சொல்வேன்.

இருட்டுப் பக்கமும் லேசாத் தெரியுதே, அது எப்படி?

அது மெல்லிய பிறையில். பூமியில் பட்டுத் திரும்பிய வெயில் நிலாவின் இரவுமேல் விழுகிறது. அங்கே நிற்பவருக்கு அப்போது நம் பூமி ஏறக்குறைய முழு வட்டமாகத் தெரியும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லியனார்டோ டாவின்சி காரணத்தைச் சரியாக எழுதிவைத்துவிட்டார். எக்ஸ், வியோடு இதைக் குழப்ப வேண்டாம்.

நிழலை வச்சு மலை எவ்வளவு உயரம்னு கணக்குப் போட முடியுமா?

முடியும், பத்தாம் வகுப்புக் கணக்குதான். நிழலின் நீளத்தைச் சூரியன் ஏறியிருக்கும் கோணத்தின் டேன் (tan) மதிப்பால் பெருக்கினால் உயரம். பிளேட்டோவின் தெற்கே தனியாக நிற்கும் பிக்கோ மலை சுமார் 2.4 கி.மீ. சூரியன் 5 டிகிரியில் இருந்தால் அதன் நிழல் 27 கி.மீ., 10 டிகிரியில் பாதி.

இன்னொரு வழி இன்னும் அழகானது, கலிலியோ போட்டது. விடியல் கோட்டைத் தாண்டி இருட்டுக்குள் தனியே மின்னும் உச்சிகளைப் பார்த்தார். கோட்டிலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு தூரமோ அதை வர்க்கப்படுத்தி, நிலாவின் விட்டத்தால் வகுத்தால் உயரம் வந்துவிடும். 100 கி.மீ. தள்ளி மின்னினால் 2.9 கி.மீ. மலை. விட்டத்தில் இருபதில் ஒரு பங்கு தள்ளியும் புள்ளிகள் தெரிவதைக் கண்டு, நிலா மலைகள் 4 இத்தாலிய மைலுக்கு மேல் உயரம் என்று 1610இல் அச்சிட்டார். கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் வானத்தில் இருப்பதெல்லாம் வழவழப்பான உருண்டை என்று நம்பிய காலம் அது. 1609 ஜூலையில், அவருக்குச் சில மாதம் முன்பே, இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் டெலஸ்கோப்பில் நிலாவைப் பார்த்து வரைந்தார். அவர் படத்தில் கோடு நெளிகிறது, ஆனால் மலையும் பள்ளமும் இல்லை. ஓவியம் பயின்ற கலிலியோவுக்கு நிழலைப் படிக்கத் தெரிந்திருந்தது என்பது என் எண்ணம்.

நிழலைப் பார்த்துப் பெரிய ஆளுங்க யாராவது ஏமாந்திருக்காங்களா?

நன்றாகவே. 1822இல் ஜெர்மனியில் குருயித்தயிசன் என்பவர் நிலாவின் நடுப்பகுதியில் மீன்முள்போல் சாய்ந்த வரிசைகளைப் பார்த்துவிட்டு, கோட்டை கட்டிய நகரம் என்று அறிவித்தார். அவை ஒழுங்கில்லாத சில மலைமுகடுகள்.

1866இல் ஏதென்ஸ் வானாய்வகத்தின் ஜூலியஸ் ஷ்மிட், லின்னே என்ற பள்ளம் காணாமலே போய்விட்டது என்றார். முந்தைய வரைபடக்காரர்கள் ஆழமான பள்ளம் என்று குறித்த இடத்தில் அவருக்கு வெறும் வெள்ளைத் திட்டுதான் தெரிந்தது. நிலா மாறுகிறதா என்று பல ஆண்டுகள் வாக்குவாதம் நடந்தது. லின்னே இன்றும் அங்கேதான் இருக்கிறது, அகலம் 2 கி.மீ. சொச்சம். அவ்வளவு சின்னப் பள்ளம் வெயில் தாழ்ந்திருக்கையில் நிழலால் பெரிதாகத் தெரியும், வெயில் ஏறியதும் திட்டாகிவிடும்.

1953 ஜூலை 29இல் நடந்தது எனக்குப் பிடித்த கதை. நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன் நாளிதழின் அறிவியல் ஆசிரியர் ஜான் ஓநீல், மாரே கிரிசியம் கரையில் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு பிரம்மாண்டமான பாலத்தைக் கண்டதாகச் சொன்னார், அடியில் வெயில் புகுந்து வருகிறதாம். நீளம் 12 மைல். பிரிட்டனின் புகழ்பெற்ற நிலா ஆய்வாளர் வில்கின்ஸும் பார்த்தேன் என்றார். அது பௌர்ணமிக்கு மூன்றாம் நாள், தேய்பிறை பற்றிய பதிலில் சொன்ன அதே நேரம். அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு மேடும் நிழலும்தான் கிடைத்தன, பாலம் கிடைக்கவில்லை. ஒரே ஒரு கோணத்து வெயிலில் பார்த்ததை உண்மை என்று எழுதிவிடக் கூடாது என்பதற்கு நான் மாடியில் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இதெல்லாம் வேடிக்கைக்குத்தானே? நிலாவுக்குப் போறவங்களுக்கு என்ன பிரயோசனம்?

அவர்கள் நம்மைவிட மோசமாக நிழலை நம்பியிருக்கிறார்கள். அப்போலோ 11 இறங்கிய 1969 ஜூலை 20 அன்று அந்த இடத்தில் சூரியன் சுமார் 11 டிகிரி உயரத்தில் இருந்தது. தற்செயல் இல்லை, அப்படிப் பார்த்துத்தான் தேதி குறித்தார்கள். வெயில் அதிகம் ஏறினால், பௌர்ணமி பற்றிச் சொன்னதுபோல், பாறையும் குழியும் தட்டையாகி விமானிக்குத் தெரியாமல் போகும். மிகவும் தாழ்ந்திருந்தால் நிழலே எல்லாவற்றையும் மூடிவிடும்.

சந்திரயான் 3 இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 வளர்பிறை சப்தமி. அங்கே அப்போது காலை. விக்ரம் சூரிய மின்சாரத்தில் ஓடுவது, விடிந்ததும் இறங்கினால்தான் பதினான்கு நாள் பகல் முழுசாகக் கிடைக்கும். அன்றிரவு எங்கள் மாடியில் நல்ல கூட்டம். தென் துருவப் பக்கம் விரல் நீட்டிக் காட்டினேன், லேண்டர் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது. என் கருவியில் ஒன்றரை கிலோமீட்டருக்குக் குறைந்த எதுவும் சரியாகப் பிரிந்து தெரியாது.

துருவத்தில் இன்னொரு விசேஷம். நிலாவின் அச்சு ஒன்றரை டிகிரிதான் சாய்ந்திருக்கிறது, அதனால் துருவப் பள்ளங்கள் சிலவற்றின் அடியில் வெயிலே படுவதில்லை. 2009 அக்டோபர் 9இல் நாசா ஒரு ராக்கெட்டின் மேல்பகுதியைக் கேபியஸ் என்ற அப்படிப்பட்ட பள்ளத்தில் மோதவிட்டு, கிளம்பிய தூசியில் தண்ணீரைக் கண்டது.

மொபைல்ல படம் எடுக்க வருமா?

வரும். கண்வில்லையில் லென்ஸைப் பொருத்திப் பிடிக்க ஒரு கிளிப் வாங்கிக்கொள்ளுங்கள், கையில் பிடித்தால் பத்துக்கு ஒன்று தேறும். திரையில் நிலாவைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். விடியல் கோடு சரியாக வர வேண்டுமென்றால் பிரகாசமான பக்கம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். சில மொபைல்கள் நிலா என்று கண்டுபிடித்துத் தாமாகவே "அழகாக்கும்", அதை அணைத்துவிடுங்கள்.

அப்போ அந்த எக்ஸ் உண்மையில அங்க இருக்கா, இல்லையா?

ஆறாவது படிக்கிற ஒரு பெண் கேட்டாள். விளிம்புகள் இருக்கின்றன, எப்போதும் இருக்கும். பக்கத்து மேடு சில நூறு மீட்டர் உயர்ந்திருந்தால் அது வேறு எழுத்தாகியிருக்கும், அல்லது எழுத்தே ஆகியிருக்காது. விண்கலம் மேலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால் சிதைந்த மூன்று வட்டங்கள்தான். எக்ஸ் என்பது அந்த நாலு மணி நேரத்துக்கு மட்டும்.

அவளுக்கு இந்தப் பதில் அரைகுறையாகத்தான் பட்டது போலிருக்கிறது. மறுநாள் நவமிக்கும் வந்தாள், கணக்கு நோட்டோடு. அதே இடத்தைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. பென்சிலில் மூன்று வட்டம் வரைந்தாள், அவை முட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு கேள்விக்குறி.